கஞ்சகமும் கறிவேப்பிலையும்

பயன்கொண்டபின் ஒதுக்கப்படுவாரைக் 'கறிவேப்பிலை' எனச் சுட்டும் வழக்குத் தமிழ்மக்களிடை நன்கு பரவியுளது. இவ் வழக்கைக்கொண்டு, மணத்திற்கே இடப்பட்டு உண்ணுங்கால் களையப்படுவது இவ்விலை என்றும், தொன்மரபும் அதுவே என்றும் கருதுவார் உளர். இலக்கியச் சான்று அதற்கு மாறாக நிற்றலை யாம் ஈண்டுக் காட்டப் புகுகின்றோம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் மனையிற் பெறும் உணவைக் கூறுகின்றார். மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, மோரினின்று எடுத்த வெண்ணெயில் வேவித்து, மிளகு கலந்து, கஞ்சகத்தின் நறுமுறியையும் அளாவிய கறி ஆண்டு இடம்பெறுகின்றது. கஞ்சகம் கறிவேம்பே என்பது நச்சினார்க்கினியர் உரையாற் பெறப்படும். புலவர் 'முறி' எனத் தளிரைக் கூறினமையும், அளாவுதலைக் கூறினமையும் நோக்கத்தக்கன. தளிர் மெல்லுதற்கு எளிது. காயொடு விரவிய அதனைத் தேர்ந்து களைதல் எங்ஙனம்?

இனிப் பெயர் பற்றி ஒரு சொல். சங்க நூல்களில் 'கறி' என்பது மிளகு. மேற்காட்டிய பகுதியில் மிளகும் கஞ்சகமும் வேறுவேறாக நிற்கின்றன. ஆதலின், 'கறி' தொடுகறியைக் குறிக்கத் தொடங்கிய பின்னரே 'கறிவேம்பு' என்னும் பெயர் எழுந்தது எனக் கோடல் பொருந்தும். வேம்பொடு இதற்குள்ள ஒப்புமை இலைத்தோற்றத்தளவே. இஃது எலுமிச்சைக் குடும்பத்தைச் சார்ந்தது. 1771இல் லின்னேயசு இட்ட பெயரில் உள்ள 'கொயினிகி', தரங்கம்பாடியில் மருத்துவராயிருந்த அவர்தம் மாணாக்கர் கொயினிக்கை நினைவூட்டும்.

சித்த மருத்துவர் இதனை மந்தம், சுவையின்மை, பித்தம், கழிச்சல் முதலியவற்றிற்கு ஆள்வர். சுக்கு, மிளகு, சீரகம், உப்புக் கூட்டி இடித்த பொடியைச் சோற்றொடு பிசைந்து உண்பிப்பர். இலை முழுதும் உடலிற் சேர்தலே இதன் கருத்து. 1965இல் இம் மரப்பட்டையினின்று பிரித்தெடுக்கப்பெற்ற 'முரயானின்', இயற்கையில் முதற்கண் அறியப்பட்ட கார்பசோல் ஆல்கலாய்டு ஆகும். எலிகளிடத்துக் குருதிச் சருக்கரை குறைந்தமை கண்டு, நீரிழிவுக்கு இதுவே மருந்து எனப் பறைசாற்றுவாரொடு யாம் உடன்படோம். மாந்தரிடத்து நிகழ்ந்த ஆய்வுகள் சிலவே.

இலையை முழுதும் உண்ணும் மரபு அற்றுப்போகவில்லை. காரைக்குடிப் பக்கத்துக் கொத்தமங்கலம் முதலிய செட்டிநாட்டு ஊர்களில், தாளிதத்தில் இட்ட இலையை ஒதுக்குவாரும், துவையலாக அரைத்ததனை எச்சமின்றி உண்பர். குழம்பில் மிதக்கும் இலையினும் இத் துவையலே உருத்திரங்கண்ணனார் காட்டும் உணவுக்கு அணிமையது.