சீட்டின் பின்புறம்

பாலாற்றங்கரையிலே வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை. அவற்றுக்கு அருகே பேரணாம்பட்டு. தோலால் பேர்பெற்ற ஊர்கள் இவை. தமக்கென்று ஒரு தோலும் இல்லாமலே தோல் பதனிடுவோர் அங்கே உண்டு. பிறர் கொண்டுவரும் தோலைக் கூலிக்குப் பதனிட்டுத் திருப்பித் தருவது அவர்கள் தொழில். உழைப்பு அவர்களுடையது, உடைமை பிறருடையது. பெறும் கூலி சிறிது. காக்க வேண்டிய பொருளின் மதிப்போ பெரிது. அப்பொருள் பாழானால் இழப்பு யாரைச் சேரும்? சிறுதொழில் புரிவோர் தம் பொறுப்புக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளலாமா?

தோலுக்கு முன்னே துணி எழுப்பிய வினா இது. வண்ணார் வழவழப்பான இலவம் பலகையில் மெல்லத் துவைக்க வேண்டும், ஒருவர் ஆடையைப் பிறர் உடுக்கக் கொடுத்தல் ஆகாது என்று மனுநூலின் எட்டாம் அத்தியாயம் விதித்தது. மரப்பலகையோ வழவழப்பான கல்லோ அல்லாத இடத்தில் துவைத்துத் துணியைக் கெடுத்தால், இழப்பீட்டோடு 6 பணம் தண்டமும் கட்டச் சொன்னது அர்த்தசாத்திரம். துணி கெடலாகாது என்பது நேர்மைதான். ஆனால், தொழிலைப் பிறப்போடு பிணைத்த சமுதாயத்திலே, “இன்ன நிபந்தனைக்கு இசைந்தால் துணியைக் கொடுங்கள்” என்று சொல்லும் உரிமை துவைப்போருக்கு ஏது? ஒப்பந்தம் என்பது சமமானவர்கள் செய்துகொள்வதன்றோ!

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிறப்பைக் கேட்கவில்லை, கவனத்தைக் கேட்டது. தன் பொருளை அறிவுள்ள ஒருவன் எவ்வாறு காப்பானோ, அவ்வாறே ஒப்படைக்கப்பட்ட பொருளையும் காக்க வேண்டும் என்றது 151ஆம் பிரிவு. அவ்வாறு காத்தும் பொருள் கெட்டால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை, பொறுப்பில்லை என்றது 152ஆம் பிரிவு. கவனமாய் உழைப்போருக்குச் சட்டமே கட்டித் தந்த முதல் அரண் இது.

விடுதிக்காரரின் பொறுப்பை 30 பவுனுக்குள் அடக்கிற்று இங்கிலாந்தின் 1863ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால், அதைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். விடுதியாரின் குற்றத்தால் பொருள் போனால் எல்லையும் போகும். இந்தியாவில் 1865ஆம் ஆண்டின் சுமைகடத்துவோர் சட்டம், பொன், முத்து, பட்டு முதலியவை 100 ரூபாய்க்கு மேற்பட்டால் மதிப்பை முன்கூட்டியே அறிவிக்கச் சொன்னது. அறிவிக்காதவர் இழப்பீடு கேட்பதற்கில்லை. எனினும், கடத்துவோரின் கவனக்குறைவுக்கு அது விலக்களிக்கவில்லை. எல்லை உண்டு, அஃது ஒளிவுமறைவற்றதாக இருத்தல் வேண்டும் என்பதே அன்றைய நெறி.

அந்நெறியைச் சென்னையின் சலவைச் சீட்டு ஒன்று சோதித்தது. புதுச்சேலை ஒன்று சலவை நிலையத்தில் காணாமற்போயிற்று. பொருள் தொலைந்தால் விலையில் ஒரு பகுதியே கிடைக்கும் என்று சீட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; பொதுநலக் கொள்கைக்கு மாறானது என்று தள்ளியது. 1966ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் ‘லில்லி ஒயிட்’ வழக்கு எனப் பதிவான தீர்ப்பு இது. தொலைத்தவரே குறைந்த விலைக்குச் சேலையை வாங்கிக்கொண்டதாக முடியுமானால், கவனக்குறைவே ஆதாயமாகிவிடாதா?

ஆனால், 1996இல் பாரதி நிட்டிங் நிறுவனத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம், கூரியர் படிவத்தில் கையொப்பமிட்டவரை அதில் கண்ட 100 டாலர் எல்லை கட்டுப்படுத்தும் என்றது. கையொப்பத்துக்கு அத்துணை வலிமை! அதனாலன்றோ, நுகர்வோரை நசுக்கும் நேர்மையற்ற ஒப்பந்தங்களைச் செல்லாதெனச் சொல்லும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மாநில ஆணையங்களுக்கு அளித்தது.

இனி ஆம்பூருக்குத் திரும்புவோம். உப்புப் போதாமல் அழுகிய தோலுக்குப் பதனிடுவோர் பொறுப்பல்லர்; சுண்ணாம்பில் மிகுதியாய்க் கிடந்து தளர்ந்த தோலுக்கு அவரே பொறுப்பு. எது எவர் குற்றம் என்று பின்னர் வழக்காடுவதினும், தோல் குழியில் இறங்கும் முன்னரே எண்ணிக்கையும், எடையும், கத்திவெட்டும், அழுகலும், ஒப்புக்கொண்ட மதிப்பும் எழுதி, இருவரும் கையொப்பமிடுவது மேலன்றோ! சிறுதொழிலைக் காக்கும் நேர்மையான எல்லை அதுவே.

ஆனால், சீட்டு கட்டுப்படுத்துவது சீட்டு வாங்கியவரை மட்டுமே. தோல் ஆலைக் கழிவால் பாலாற்றங்கரை உழவர் நிலம் கெட்டது. அவர் எந்தச் சீட்டும் வாங்கியவரல்லர். 1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில், மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளரோடு பேசிப் பொறுப்புக்கு எல்லை வகுக்கலாம். அயலார் வயலுக்கும் கிணற்றுக்கும் எல்லை வகுத்துத் தரும் சீட்டை எந்த அச்சகமும் அச்சிட முடியாது!