அறைக்குள் வராதவர்கள்

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றங்கரையில் எஸோபஸ் என்றொரு சிற்றூர். அங்கே வில்ட்விக் என்ற விடுதிப் பள்ளி இருந்தது. 8 முதல் 12 வயதுப் பையன்கள், பெரும்பாலும் ஹார்லெம் போன்ற பகுதிகளிலிருந்து நீதிமன்றம் அனுப்பிவைத்தவர்கள். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அதன் நிர்வாகக் குழுவில் இருந்தார். ஆண்டுக்கொரு முறை பையன்களைத் தன் வீட்டுத் தோட்டத்துக்கு அழைத்து ஹாட் டாக் பரிமாறுவார். பின்னாளில் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டம் வென்ற ஃப்ளாய்ட் பேட்டர்சன் இந்தப் பள்ளியில் இருந்தவர்தான்.

நல்ல பள்ளி. அங்கே இருக்கும்வரை பையன் ஒழுங்காக இருப்பான். வீட்டுக்குப் போனதும் பழைய குருடி கதவைத் திறடி.

1950களின் கடைசியில் இந்தப் பள்ளியில் வேலை பார்த்த மனநல மருத்துவர் சால்வடோர் மினுசினுக்கு இது உறுத்தியது. அர்ஜென்டினாவின் சின்ன ஊரொன்றில் பிறந்த யூதர். மாணவப் பருவத்தில் அந்நாட்டுத் தலைவர் பெரோனை எதிர்த்துச் சிறை சென்றவர், 1948இல் இஸ்ரேல் போர்முனையில் டாக்டர். அந்தக் காலத்துக் குழந்தை மனநல மருத்துவத்துக்கு ஓர் ஆசாரம் உண்டு. பிள்ளையை டாக்டர் ஓர் அறையில் பார்ப்பார். தாயைச் சமூகப் பணியாளர் வேறோர் அறையில் பார்ப்பார். இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்தால் தீட்டு என்பதுபோல ஒரு நினைப்பு. மினுசினும் கூட்டாளிகளும் பள்ளியின் சுவரொன்றைத் திறந்து ஒருவழிக் கண்ணாடி பொருத்தினார்கள். பையனோடு வீட்டில் இருக்கிற எல்லோரையும் வரச் சொன்னார்கள். ஒருவர் உள்ளே பேசுவார், மற்றவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள். சொல்லிக்கொடுக்க ஆசான் கிடையாது. செய்துதான் கற்றார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் வேறு பேச்சைத் தொடங்குவார். குரலை உயர்த்தினவருக்குத்தான் காது கிடைக்கும். தாய் ஒரு நிமிடம் எல்லாவற்றையும் அடக்குவார், அடுத்த நிமிடம் எதுவும் தன் கையில் இல்லை என்று விட்டுவிடுவார். உண்மையில் வீட்டை நடத்துவது ஒன்பது பத்து வயது மூத்த மகளாக இருக்கும். (நம் வீடுகளில் அக்காவை இன்னொரு அம்மா என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதே அக்கா. மினுசினின் ஆட்கள் அதை அந்தப் பெண்ணின் பாரமாகப் பார்த்தார்கள்.) இவர்களிடம் போய் ‘உங்கள் மனதில் என்ன ஓடுகிறது’ என்று மெதுவாகக் கேட்டுப் பயனில்லை. ஆகவே முதலில் எல்லோரையும் ஒன்றாகப் பார்த்தார்கள். பிறகு பெரியவர்களைத் தனியாக, பிள்ளைகளைத் தனியாக. கடைசியில் மறுபடி எல்லோரையும் ஒன்றாக. மினுசின் எழுந்து நாற்காலிகளை மாற்றிப் போடுவார். தாய்க்கும் மகனுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் அக்காவை நகர்த்துவது அவருக்கு ஒரு சிகிச்சை. சிகிச்சை பெற்ற 12 குடும்பங்களை வைத்து எழுதிய நூல் 1967இல் வந்தது. அதற்குள் அவர் பிலடெல்பியாவின் குழந்தை மனநல மையத்துக்கு இயக்குநராகப் போய்விட்டார்.

ஹார்லெமில் அதற்கு முன்பே ஹெராயின் புகுந்திருந்தது. வில்ட்விக்கில் இருந்த கிளாட் பிரவுன் 1965இல் எழுதிய தன்வரலாற்று நூலில் அந்தத் தெருக்களை அது என்ன செய்தது என்று படிக்கலாம். போதையையும் குடும்பத்தையும் ஒரே அறைக்குக் கொண்டுவந்ததில் மியாமிக்குப் பெரிய பங்கு. கியூபாவிலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் அங்கே நிறைந்திருந்தன. பிள்ளைகள் ஒன்றிரண்டு வருடத்தில் அமெரிக்கர்களாகிவிட்டார்கள். பெற்றோர் ஹவானாவிலேயே இருந்தார்கள். பையன் போதையில் வந்தால் ‘சேர்க்கை சரியில்லை’ என்பது அங்கேயும் பெற்றோர் வாயில் வரும் பேச்சு. 1970களில் ஹோசே ஷபோச்னிக், அவரும் கியூபாக்காரர், மினுசினின் முறையை இவர்களுக்கேற்ப வெட்டித் தைத்தார்.

அப்போது வேறொரு சங்கடம் எழுந்தது: குடும்பம் வருவதில்லை. அம்மா போன் செய்வார். மகன் வரமாட்டேன் என்கிறான், அப்பாவுக்கு விஷயமே தெரியாது, தெரிந்தால் வீடு ரெண்டாகும். வழக்கமான மையமாக இருந்தால் ‘ஒத்துழைப்பில்லாத குடும்பம்’ என்று ஃபைலை மூடியிருக்கும். ஷபோச்னிக்கின் குழு வேறு மாதிரி யோசித்தது. மகனைப் போதையில் வைத்திருக்கிற அதே முடிச்சுதான் இவர்களை வாசல் தாண்ட விடாமலும் வைத்திருக்கிறது. அப்படியானால் சிகிச்சை அந்த முதல் போனிலேயே தொடங்கிவிட்டது. அம்மா சம்மதித்தால் பையனிடம் நேராகப் பேசுவது, தேவைப்பட்டால் வீட்டுக்கே போவது. 108 குடும்பங்களை வைத்துச் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி அழைத்தவர்களில் 93 சதவீதம் சிகிச்சைக்கு வந்தார்கள். வழக்கமான முறையில் 42 சதவீதம். கண்ணாடியைவிட இந்தத் தொலைபேசிதான் பெரிய கண்டுபிடிப்பு என்பது என் கட்சி.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று வெளியிலேயே நின்றது. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பதின்வயதுப் பெண், அதை மறந்து தூங்குவதற்காகக் குடிக்கிறாள் என்று வையுங்கள். போதை மையத்தில் ‘முதலில் இதை விடு, மற்றதைப் பிறகு பேசலாம்’ என்பார்கள். மனக்காயத்துக்கு மருந்து சொல்பவரிடம் போனால் ‘குடிக்கிறவளிடம் அதைக் கிளறினால் இன்னும் குடிப்பாள்’ என்று தயங்குவார். அவள் நடுத்தெருவில். தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கார்லா டேனியல்சன் இரண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார். ஜூடித் கோஹன், அந்தோணி மன்னாரினோ, எஸ்தர் டெப்ளிஞ்சர் மூவரும் குழந்தைகளின் மனக்காயத்துக்கென்று வகுத்த முறை ஒரு பக்கம். ஸ்காட் ஹெங்கெலரின், வீடு தேடிப் போகிற குடும்ப சிகிச்சை மறு பக்கம். இரண்டையும் சேர்த்து ஏழு பகுதிகள்: வீட்டில் பேசிக்கொள்வது, போதை, காயம், காதல் உறவுகளில் கவனம், மறுபடி யாரிடமும் சிக்காமல் இருப்பது என்று. எதை முதலில் எடுப்பது என்பதைக் குடும்பத்தின் நிலைமை தீர்மானிக்கும்.

2012இல் 30 பேரோடு ஒரு சிறு சோதனை. 2020இல் 124 பேரோடு பெரியது. காயத்தைப் பேசினால் போதை கூடும் என்ற பயம் அதில் மெய்ப்படவில்லை. காயத்தின் அறிகுறிகள் புதிய முறை, வழக்கமான சிகிச்சை என இரு குழுவிலும் தணிந்தன. 18 மாதம் கழித்துப் பார்க்கையில் போதைப்பொருள் தொட்ட நாட்கள் புதிய முறையில் குறைவாக இருந்தன.

கோஹன் முதலான அந்த மூவரின் முறையில் ஒரு கட்டம் உண்டு. நடந்ததைப் பெண் கொஞ்சங்கொஞ்சமாக எழுதுகிறாள். அவள் சம்மதித்து, தாயும் தாங்குவார் என்று தோன்றினால், சிகிச்சையாளர் முதலில் தாயை மட்டும் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டுகிறார். அழவேண்டியதை அங்கேயே அழுதுகொள்ளலாம். ‘ஏன்டி என்கிட்ட சொல்லல’ என்று கேட்க வாய் வரும், அதையும் அங்கேயே கேட்டுவிடலாம். மகளிடம் என்ன சொல்வது என்று ஒன்றுக்கு இரண்டு முறை ஒத்திகை பார்க்கிறார்கள். அதற்கப்புறம்தான் கதவு திறந்து, கையில் தாளோடு அவள் உள்ளே வருகிறாள்.