மலிவான தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?

'வரி கூடியதால் பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்' என்றுதான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தேன். தவறு நண்பர்களே. 1773ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்காவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை மலிவாகத்தான் ஆனது. (ஆமாம், நம் சென்னைக் கோட்டையில் இருந்த அதே கம்பெனி!) பவுண்டுக்கு 3 பென்ஸ் பழைய வரி மட்டும் அப்படியே நின்றது. அதைக் கட்டிவிட்டால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத லண்டன் நாடாளுமன்றத்துக்கு வரி போடும் உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! டிசம்பர் 16 இரவு 342 பெட்டிகள் கடலுக்குப் போயின.

லண்டன் பொறுமை காத்திருக்கலாம். மாறாக, 1774இல் பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது; மாசசூசெட்ஸ் மக்களின் சுயாட்சி உரிமைகளையும் பறித்தது. 'நாளை நமக்கும் இதே கதிதான்' என்று 12 குடியேற்றங்கள் பிலடெல்பியாவில் கூடின. அப்போதும் விடுதலை கேட்கவில்லை, மன்னருக்கு மனுதான் எழுதினார்கள். 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்த பிறகும், பிரிந்துபோகிறோம் என்று அறிவிக்க 1776 ஜூலை ஆகிவிட்டது.