சம்மதமும் விளக்கமும்: 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஒரு பகுதி குறித்து

நோயாளியின் சம்மதம் பற்றி இந்திய உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2008 ஜனவரி 16இல் வழங்கிய, நீதியரசர் ஆர். வி. இரவீந்திரன் எழுதிய தீர்ப்பு, ஏழை நோயாளிக்கு விளக்கிச் சொல்லும் கடமையிலிருந்து மருத்துவரை ஏறக்குறைய விடுவித்துவிட்டது என்பது மருத்துவச் சட்டத் துறையில் வேரூன்றிவிட்ட வியாக்கியானம். அத்தீர்ப்பு, அமெரிக்கக் கேன்டர்பரி வழக்கின் (1972) கடுமையான அளவுகோலை மறுத்து, இங்கிலாந்தின் போலம் வழக்கை (1957) ஒட்டி, அனுபவமிக்க மருத்துவர்கள் முறையானதெனக் கொள்ளும் அளவே போதுமென்றது என்பதில் எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை. அந்தத் தெரிவுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் பகுதி, ஏழைக்குப் புரியவைக்க இயலாது என்று விதிக்கிறதா என்பதே கேள்வி. விதிக்கவில்லை என்று கருதுகிறேன்.

அப்பகுதியில் நீதிமன்றம் கூறுவது: சிகிச்சை நாடுவோரில் பெரும்பாலோர் வறியவர். எழுத்தறிவற்றவர் அல்லது அரைகுறையாக அறிந்தவர். மருத்துவச் சொற்களும், உறுப்புகளின் தொழிலும், அவற்றை நீக்குவதன் விளைவும் அவர்களுக்கு விளங்குவதில்லை. மருத்துவர் சொல்வதை மறுபேச்சின்றி ஏற்கின்றனர். மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இவ்வளவில் நிறுத்திக்கொள்கின்றனர். ஆனால் அதே பகுதி, படுக்கையின்றி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிடப்பவரையும், ஒரு பரிசோதனைக்காகச் சாலையோரத்தில் நாட்கணக்கில் காத்திருப்பவரையும், முறை வருமுன்னரே மாண்டுபோகும் இருதய, புற்றுநோயாளரையும் நம் கண்முன் நிறுத்தி, இவர்களுக்குத் தெரிவு செய்ய என்ன இருக்கிறது என்றும் வினவுகிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசிப்பவருக்கு, கேள்வி கேட்காத அந்தப் பணிவின் காரணம் பற்றாக்குறையே, அறிவுக்குறை அன்று என்பது விளங்கும். கேட்டால் கிடைத்த இடமும் பறிபோகுமோ என்று அஞ்சுபவரின் மௌனத்தை, அவருடைய புத்தியின் எல்லையாகக் கொள்வது நியாயமாகாது.

வழக்கின் விவரமும் இவ்வாசிப்புக்கே துணைநிற்கிறது. அதில் வரும் நோயாளி, தனியார் மருத்துவமனைக்குச் சென்று படிவத்தில் தாமே கையொப்பமிட்ட, 44 வயதுப் பெண்மணி. அவர் இசைந்தது லாப்ராஸ்கோப்பிக்கும், வேண்டுமானால் வயிற்றைத் திறந்து பார்ப்பதற்கும் மட்டுமே. மயக்கத்தில் கிடந்தபோது அவருடைய தாயாரிடம் சம்மதம் பெற்று, கர்ப்பப்பையும் இரு சினைப்பைகளும் நீக்கப்பட்டன. நோயறியும் பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்று நீதிமன்றம் தீர்த்ததற்கு, எழுத்தறிவற்ற ஏழையைப் பற்றிய சித்திரம் எவ்வகையிலும் தேவைப்படவில்லை.

நீதிமன்றம் தொகுத்துரைத்த விதிகளில் இரண்டாவது, சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழிகள், கணிசமான அபாயங்கள், மறுத்தால் நேரும் தீங்கு ஆகியவற்றை, நோயாளி சமநிலையோடு முடிவெடுக்கப் போதுமானபடி சொல்லவேண்டும் என்கிறது. ஐந்தாவது விதி தகவலின் அளவை மருத்துவ சமூகத்தின் வழக்கத்துக்கு விடுகிறது. அது என் கட்சிக்கு முழுமையாக இடங்கொடுக்கிறதென்று சொல்லத் துணியேன். எனினும், அளவைப் பற்றிய விதி, கடமையையே கரைத்துவிட முடியாது. நோயாளியின் உடல், மன நிலையை ஒட்டி அளவு அமையும் என்று அவ்விதியே கூறுவதால், குறைவாக அறிந்தவருக்குக் கூடுதலாக விளக்கவேண்டும் என்ற பொருளும் அதனுள் அடங்கியிருக்கிறது.

அப்படி விளக்குவது இயலுமா? “கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் மாதவிலக்கு வராது, பிள்ளை பிறக்காது, முட்டைப்பையையும் சேர்த்து எடுத்தால் திடீர் திடீரென்று உடம்பு அனலாய்க் கொதிக்கும், எலும்பு பலம் குறையும்” என்ற விளக்கத்தைப் புரிந்துகொள்ளப் பள்ளிப்படிப்பு எதற்கு? அதைக் கேட்டவர், “அப்படியானால் முட்டைப்பையை விட்டுவைக்கக் கூடாதா?” என்று வினவுவாராயின், மாற்று வழியைப் பற்றிய சட்டத்தின் தேவை அங்கேயே நிறைவேறத் தொடங்குகிறது. மேலும், தமிழகத்து அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் அமர்ந்து பேசுகிறார். தொற்று நேர்ந்த முதற் சில வாரங்களில் சோதனை அதைக் காட்டாமற் போகலாம், ஆகையால் மறுபடி வரவேண்டும் என்னும் நுட்பமான விஷயம், கூலித்தொழிலாளிக்கும் எடுத்துரைக்கப்படுகிறது. அவ்வாலோசனையை எச்.ஐ.வி. பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் சம்மதத்தின் அங்கமாகவே ஆக்கியிருக்கிறது. ஒரு நோய்க்கு ஆவது ஏனைய நோய்களுக்கு ஆகாதென்பதற்கு நியாயமான காரணம் எதையும் நான் காணவில்லை.

மருத்துவருக்கு நேரமில்லை என்பர். விளக்குபவர் அறுவை மருத்துவராகவே இருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லையாதலால், இது நிர்வாகச் சிரமம் மட்டுமே. விளக்கினால் அஞ்சி ஓடிவிடுவர் என்பதற்கோ, அரிதான அபாயங்களைச் சொல்லத் தேவையில்லை என்று தீர்ப்பே விடை கூறிவிட்டது.

ஆகவே, “எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது” என்று முன்கூட்டியே அச்சிட்ட வரியின்கீழ் வாங்கிய கைநாட்டைப் போதிய சான்றாகக் கொள்வது பிழை. தமக்கு என்ன செய்யப்போகிறார்கள், ஏன், வேறு வழி உண்டா என்பவற்றை நோயாளி தம் வாய்மொழியில் திருப்பிச் சொல்வதைக் கேட்டு, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைப்பதே இரண்டாம் விதியின் கருத்துக்கு ஒத்த சான்றாகும். அத்தகைய குறிப்பு இல்லாதவிடத்து, விளக்கம் நிகழ்ந்ததென்று நிறுவும் பாரம் கைநாட்டை வாங்கியவர்மீதே இருத்தல் வேண்டும். 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அதை முழுமையாக வாசிப்பவருக்கு, இம்முடிவைத் தடுப்பதாக இல்லை.