வெண்பனியில் மறைக்கப்பட்ட பிள்ளைகள்

சின்ன வயசில எங்கட வீட்டுச் சுவரில் ஒரு பழைய கலண்டர் தொங்கியது. மூன்று வேட்டைக்காரர்கள், களைத்துப்போன நாய்கள், தூரத்தில் உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடும் சனம். பனிக்காலம் என்றால் அந்த நாடுகளில் பெருநாள் மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது மூத்த பீட்டர் புரூகல் 1565இல் வரைந்தது என்பதும், வியன்னா நூதனசாலையில் இருக்கிறது என்பதும் பிறகுதான் தெரிய வந்தன. உற்றுப் பார்த்தால், வேட்டைக்குப் போனவர்கள் கொண்டுவருவது ஒரேயொரு மெலிந்த நரி!

1564-65 குளிர்காலம் ஐரோப்பாவில் மிகக் கடுமையானது. அதற்கு முன்னர் பனிக்காட்சிகள் பெரும்பாலும் செல்வந்தரின் பிரார்த்தனை நூல்களில், மாதங்களைக் காட்டும் சிறு படங்களாகவே இருந்தன. அவற்றைப் பெரிய பலகைக்குக் கொண்டுவந்தவர்களில் புரூகல் முதன்மையானவர்.

ஆனால் அவருடைய பனி வெறும் அழகல்ல. அன்று பிளாண்டர்ஸ் ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியில் இருந்தது. 1566இல் வரைந்த 'பெத்லஹேம் குடிக்கணக்கு' ஓவியத்தில், பனி மூடிய பிளெமிஷ் கிராமமொன்றில் சனங்கள் வரி கட்ட முண்டியடிக்கிறார்கள். சுவரில் ஹப்ஸ்பர்க் அரச குலத்தின் இரட்டைத்தலைக் கழுகு. மர்யம் (அலை) அவர்களோ கழுதை மேல், கூட்டத்தோடு கூட்டமாக, யாரும் கவனிக்காமல் வருகிறார்.

இன்னொரு ஓவியம், ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொல்வித்ததாக பைபிள் கூறும் சம்பவம். எமக்கு பிர்அவ்னின் நினைவு வரும். இதுவும் பனி மூடிய கிராமம்தான். படைவீரர்கள் வீடு வீடாகப் புகுகிறார்கள். ஆனால் இன்று அதில் குழந்தைகளைக் காண முடியாது! ஓவியம் ஹப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ருடோல்ஃபிடம் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் பிள்ளைகளின் மேல் மூட்டைகளும் விலங்குகளும் தீட்டப்பட்டன என்பது ஆய்வாளர் கருத்து. படுகொலை வெறும் கொள்ளையாக மாறிவிட்டது. ஆனாலும் ஒரு பெண் பனியில் குந்தியிருந்து மடியிலுள்ள மூட்டையைப் பார்த்து அழுகிறாள். மூட்டைக்காக எந்தத் தாய் இப்படி அழுவாள்?

உண்மையைக் காப்பாற்றியவை பிரதிகள். புரூகலின் மகன் இளைய பீட்டரின் பட்டறையில் அதே காட்சி பலமுறை பிரதி செய்யப்பட்டது. அவற்றில் பிள்ளைகள் பிள்ளைகளாகவே கிடக்கிறார்கள். மூலம் இப்போது பிரித்தானிய அரச சேகரிப்பில் உள்ளது. மேற்பூச்சை முழுதாக நீக்கவில்லை. மறைத்தவர்களின் கையும் வரலாறுதானே.

பிரதிதானே என்று எதையும் தள்ளிவைக்க எனக்கு இப்போது மனம் வருவதில்லை.