ஐம்பதாம் வயதில் உபகாரச் சம்பளம்

இருபது வயதில் உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போடுவது சுலபம். மார்க்கு இருக்கிறது, பேராசிரியரின் நற்சாட்சிப் பத்திரம் இருக்கிறது. மற்றதெல்லாம் இனிமேல் வரவேண்டியது. ஒரு தொழிலில் காலூன்றி, நாலு பேர் மரியாதை செய்யத் தொடங்கிய பிறகு, "வெளிதேசம் போய்ப் பார்த்துவிட்டு வர உதவி செய்யுங்கள்" என்று கேட்பது வேறு விஷயம். "உமக்கு இன்னும் என்ன தெரிய வேண்டியிருக்கிறது?" என்று எவரும் கேட்கலாம். மனுவிலேயே கஷ்டமான பாகம் அதற்குப் பதில் எழுதுவதுதான்.

பத்திரிகைக்காரர்களுக்கென்று ஹார்வர்டில் நீமன் உதவித் திட்டம் ஏற்பட்டது 1938-ல். ஐசனோவர் பெயரிலும் ஹம்ப்ரி பெயரிலும் பின்னால் வந்தவை உண்டு. இவற்றுக்கெல்லாம் வெகு முன்னால், 1898-ல், பாரிஸ் சர்வகலாசாலைக்கு ஒருவர் பெயர் சொல்லாமல் பணம் கொடுத்தார். ஆசிரியத் தேர்வில் தேறியவர்களை உலகத்தைச் சுற்றிவர அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. கொடுத்தவர் ஆல்பர்ட் கான் என்ற பாங்குக்காரர். அல்ஸாஸ் பிரதேசத்து யூதர், 1860-ல் பிறந்தவர். பையனாகப் பாரிஸுக்கு வந்து பாங்கில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே இரவில் பாடம் படித்தார். சொல்லிக் கொடுத்த இளைஞர், பிற்பாடு பெரிய தத்துவஞானியான பெர்க்ஸன்! தென்னாப்பிரிக்கத் தங்கத்திலும் வைரத்திலும் பணம் குவிந்த பிறகும் கானுக்குப் புத்தகப் படிப்பில் பூரண திருப்தி வரவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவன் உலகத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் யுத்தம் குறையும் என்று நம்பினார். 1905 முதல் பெண்களுக்கும், பிறகு ஜெர்மனி, ஜப்பான், இங்கிலாந்து முதலிய தேசத்தாருக்கும் அந்த உதவி விரிந்தது.

இங்கிலாந்துப் பணத்தைப் பெற்றவர்களில் ஒருவர் லோவெஸ் டிக்கின்ஸன். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரிக்காரர். கிரேக்கரின் வாழ்க்கை நோக்கைப் பற்றி 1896-ல் எழுதிய புத்தகத்தால் பெயர் பெற்றவர். 1912 அக்டோபரில் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது ஐம்பது. கூட வந்த சிநேகிதர்களில் ஒருவர் நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர்.

இந்த டிக்கின்ஸனிடம் ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. சீனாவில் பாக்ஸர் கலகம் நடந்து ஐரோப்பியப் படைகள் பீகிங்கில் நுழைந்த சமயத்தில், ஒரு சீனர் மேல்நாட்டாருக்கு எழுதும் கடிதங்கள் என்று ஒரு சிறு நூல் எழுதி, 1901-ல் பெயர் போடாமல் வெளியிட்டார். உங்கள் யந்திரங்களும் வியாபாரமும் மனுஷனை என்ன செய்துவிட்டன பாருங்கள் என்று அந்தக் கற்பனைச் சீனர் கேட்கிறார். நிஜமான சீன உத்தியோகஸ்தர்தான் எழுதினார் என்று பலர் நம்பினார்கள். அமெரிக்க அரசியல்வாதி பிரையன் 1906-ல் ஒரு மறுப்புப் புத்தகமே போட்டார். பாவம், இவர் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் உள்ளே கால் வைத்ததில்லை போலிருக்கிறது என்று அதில் அனுதாபப்பட்டார். டிக்கின்ஸனோ சீனாவில் கால் வைத்ததில்லை!

காணாத ஊரைக் கதையில் எழுதாத எழுத்தாளன் யார்? நாம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் எழுதி, பெயர் வாங்கி, பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, "வா, அந்த ஊரை வந்து பார்" என்று ஒருவர் டிக்கெட்டை நீட்டினால் எத்தனை பேர் வாங்கிக்கொள்வோம்? போய்ப் பார்த்து எழுதியது பொய்யாகிவிட்டால்? இருபது வயதுக்காரனுக்கு இந்தப் பயம் கிடையாது. இழப்பதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை.

முதலில் இந்தியா. அஜந்தா பார்த்தார், சத்தர்பூர் சமஸ்தானத்தில் கிருஷ்ண லீலை நாடகம் பார்த்தார், வங்காளத்துக் கிராமம் ஒன்றும் பார்த்தார். இந்தியரோடு ஒட்டாமல் வாழ்ந்த வெள்ளைக்காரக் குடும்பங்களையும் கவனிக்கத் தவறவில்லை. ஆனால் நம் நாடு அவர் மனசில் ஒட்டவில்லை. சீனாவுக்குப் போனதும் ஆள் மாறிவிட்டார். யாங்ட்ஸி மலையிடுக்குகளில் படகில் போனார். தாய்ஷான் என்ற புண்ணிய மலையில் ஏறினார். சொந்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி அவருக்கு இருந்தது. கற்பனைச் சீனர் அவரைக் கைவிடவில்லை.

திரும்பி வந்து உபகாரச் சம்பளக் குழுவுக்குக் கொடுத்த அறிக்கை 1914-ல் அச்சாயிற்று. 'கிழக்கு' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது தவறு. ஒரு பக்கம் இந்தியா, மறு பக்கம் மற்ற உலகம் முழுவதும், சீனாவும் ஜப்பானும் உள்பட - இதுதான் உண்மையான பிரிவு என்று அதில் வாதாடினார். படித்தால் நமக்குக் கோபம் வரும். எனக்கும் கொஞ்சம் வந்தது. சில மாதங்களில் ஒரு நாட்டை எடை போடுவது ஐரோப்பியப் பண்டிதர்களுக்குப் பழகிய வித்தை. ஆனாலும் பணம் கொடுத்தவர் மனம் குளிர, எல்லா நாடும் ஒன்றே என்று பூசி மெழுகாமல், கண்டதை எழுதினார். உதவி பெற்றவர்கள் எழுதும் அறிக்கைகளில் அது அபூர்வம்.

அந்த ஆகஸ்டிலேயே மகாயுத்தம் மூண்டது. டிக்கின்ஸன் உட்கார்ந்து சர்வதேச சங்கம் ஒன்றுக்குத் திட்டம் தீட்டினார். கான், பார்த்துவரச் சொல்லி ஆட்களை அனுப்பியது போதாதென்று, உலகமெங்கும் வர்ணப் படம் பிடிக்கவும் ஆள் அனுப்பியிருந்தார். 72,000 படங்கள் சேர்ந்தன. 1929-க்குப் பிறகு வந்த பொருளாதார வீழ்ச்சி அவரை முழுகடித்துவிட்டது. 1940 நவம்பரில், ஜெர்மானியர் கையில் சிக்கியிருந்த பாரிஸின் ஓரத்தில், வேறு கைக்குப் போய்விட்ட தம் பழைய வீட்டிலேயே காலமானார்.

டிக்கின்ஸன் கதைக்கு ஒரு வால் உண்டு. 1920-ல் சூ ஜிமோ என்ற சீன இளைஞர் லண்டனுக்கு வந்தார். தகப்பனார் பாங்குக்காரராக்க நினைத்த பிள்ளை. பொருளாதாரம் படித்துச் சலித்துப்போயிருந்தார். சீனர் என்றால் உருகும் டிக்கின்ஸன், அவரைக் கிங்ஸ் கல்லூரியில் விசேஷ மாணவராகச் சேர்த்துவிட்டார். பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது; ஆற்றங்கரையில் நடக்கலாம், படிக்கலாம். பொருளாதாரம் போயிற்று, கவிதை வந்தது. நவீன சீனக் கவிதையில் அவருக்கு ஈடு சொல்லச் சிலரே உண்டு. கேம்பிரிட்ஜை விட்டுப் பிரிவது பற்றி 1928-ல் அவர் எழுதிய கவிதையைச் சீனாவில் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிவார்கள். 1931-ல் ஆகாய விமான விபத்தில் மாண்டார். அடுத்த வருஷம் டிக்கின்ஸனும் போய்ச் சேர்ந்தார்.

2008-ல் அந்தக் கவிதையின் வரிகளைப் பொறித்து, கிங்ஸ் கல்லூரிப் பாலத்தருகே ஒரு வெள்ளைக் கல்லை வைத்தார்கள். சீனாவிலிருந்து வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.