"பாட்டில் எங்கே?": ஃப்ராக்கிங்கின் கதை

1/
பூச்சி மருந்தோ எலி மருந்தோ உள்ளே போய்விட்டது என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால், எமர்ஜென்சியில் நாங்கள் முதலில் கேட்பது பேரோ ஊரோ அல்ல.
"என்ன மருந்து? பாட்டில் கொண்டு வந்தீங்களா?"
பாட்டில் கையில் இருந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. ஏன்னா ஒவ்வொரு விஷத்துக்கும் முறிவு வேற.

2/
"பாட்டில்ல என்ன இருக்குன்னு சொல்ல மாட்டோம், அது எங்க தொழில் ரகசியம்" என்று ஒரு கம்பெனி சொன்னால்?
நடந்திருக்கிறது. 2008, அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். எரிவாயுக் கிணற்றில் வேலை செய்த ஒருவர், உடையெல்லாம் ரசாயனத் திரவத்தில் நனைந்த நிலையில் மருத்துவமனைக்கு வருகிறார். அவரைக் கவனித்த நர்ஸ் சில நாட்களில் ஐசியூவில் படுக்கிறார். கல்லீரல், நுரையீரல் எல்லாம் தடுமாறுகிறது. சிகிச்சை அளித்த டாக்டர், அந்தத் திரவத்தில் இருக்கும் எல்லாவற்றின் பட்டியலையும் கேட்கிறார். கிடைக்கவில்லை. ஊகத்தில்தான் வைத்தியம் பார்த்தார். நல்லவேளை, அந்த நர்ஸ் பிழைத்துக்கொண்டார்.

3/
அந்தத் திரவம் பயன்பட்ட தொழிலின் பெயர் ஃப்ராக்கிங். தமிழில் 'நீரியல் விரிசல் முறை' என்று எழுதுகிறார்கள்.
"டாக்டருக்கு எதுக்குங்க கேஸ் கிணத்துக் கதை?"ன்னு கேட்பீங்க. கதை முழுக்க இந்தப் பாட்டில் கேள்விதான் ஓடுகிறது. அதனால்தான். இழை கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

4/
முதலில், அது என்ன?
பூமிக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் கீழே ஷேல் என்ற களிப்பாறை இருக்கிறது. அதில் எரிவாயு சிக்கிக்கொண்டிருக்கும், தானாக வெளியே வராது. செங்குத்தாகத் துளை போட்டு, கீழே போனதும் குழாயைப் படுக்கைவாட்டில் திருப்புவார்கள். பிறகு தண்ணீர், மணல், ரசாயனக் கலவையை அதிக அழுத்தத்தில் உள்ளே செலுத்துவார்கள். பாறை விரிசல் விடும். மணல் அந்த விரிசலை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கும். வாயு மேலே வரும்.
ஒரு கிணற்றுக்கே அரைக் கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும்.

5/
பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் யோசனை பழசு. எட்வர்ட் ராபர்ட்ஸ் என்பவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர். 1862இல் ஃப்ரெடெரிக்ஸ்பர்க் போர்க்களத்தில், கால்வாய்த் தண்ணீருக்குள் குண்டு வெடிப்பதைப் பார்த்திருக்கிறார். 'இதையே எண்ணெய்க் கிணத்துக்குள்ள பண்ணா என்ன?' என்று தோன்றியிருக்கிறது. 1865இல் காப்புரிமை வாங்கிவிட்டார். பென்சில்வேனியா மாநிலத்தில் கிணற்றுக்குள் வெடி இறக்கி எண்ணெய் எடுத்தார்கள்.

6/
1947இல் கன்சாஸ் மாநிலத்தில், வெடிக்குப் பதிலாகத் திரவ அழுத்தத்தை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. உள்ளே செலுத்தியது என்ன தெரியுமா? பெட்ரோலைக் கூழாக்கிய நேபாம் கலவை. போரில் மனிதர்கள் மேல் போட்ட அதே சரக்கு. 1949 மார்ச்சில் ஓக்லஹோமாவிலும் டெக்சாஸிலும் வணிக ரீதியில் தொடங்கிவிட்டது.

7/
அடுத்ததை நம்ப மாட்டீங்க. 1967 டிசம்பரில், எரிவாயு எடுப்பதற்காக நியூ மெக்சிகோவில் பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்தார்கள்! 29 கிலோ டன். ஹிரோஷிமாவில் போட்டதைப் போல சுமார் இரண்டு மடங்கு. திட்டத்தின் பெயர் 'கேஸ்பக்கி'.
பாறை உடைந்தது. வாயுவும் வந்தது. ஆனால் அதில் கதிரியக்கம் கலந்திருந்ததால் யாருக்கும் விற்க முடியவில்லை. அதோடு விட்டார்களா? 1969, 1973 என்று கொலராடோவில் இன்னும் இரண்டு முறை செய்து பார்த்த பிறகுதான் கைவிட்டார்கள்.

8/
இன்றைய ஃப்ராக்கிங்கின் தந்தை என்று சொல்லப்படுபவர் ஜார்ஜ் மிட்செல். கிரேக்க நாட்டிலிருந்து வந்த, ஆடு மேய்த்த ஒருவரின் மகன். டெக்சாஸில் பார்னெட் என்ற ஷேல் பாறையில், 1980களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 17 வருடம் பணத்தைக் கொட்டினார். எல்லாரும் வீண் வேலை என்றார்கள். 1998இல் அவருடைய என்ஜினியர்கள் விலை உயர்ந்த கூழைக் குறைத்து, பெரும்பாலும் தண்ணீரையே பயன்படுத்தியபோது வாயு கொட்டியது. அதோடு படுக்கைத் துளையும் சேர்ந்ததும் உலக எரிசக்தி வரைபடமே மாறிப்போனது.

9/
நன்மையையும் சொல்லணும். 2005 வாக்கில் அமெரிக்க மின்சாரத்தில் பாதி நிலக்கரியிலிருந்து வந்தது. 2020இல் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த இடத்தைப் பெருமளவு பிடித்தது மலிவான எரிவாயு. நிலக்கரிப் புகை நுரையீரலுக்கும் இதயத்துக்கும் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். அது குறைந்தது நல்லதே. ஃப்ராக்கிங்கை ஆதரிப்பவர்கள் எல்லாரையும் வில்லன் ஆக்கினால் கதை புரியாது.

10/
சரி, சட்டம் என்ன செய்தது?
அமெரிக்காவில் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. நிலத்தடியில் எதைச் செலுத்தினாலும் அதன் கண்காணிப்பில் வரும். 1997இல் அலபாமா வழக்கு ஒன்றில், ஃப்ராக்கிங்கும் அதில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது.
2004இல் சுற்றுச்சூழல் நிறுவனம் (இபிஏ), நிலக்கரிப் படுகை ஃப்ராக்கிங்கால் குடிநீருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று ஓர் அறிக்கை விட்டது. அந்த நிறுவனத்திலேயே வேலை செய்த வெஸ்டன் வில்சன் என்ற என்ஜினியர், அது அறிவியல்படி நிற்காது என்று வெளிப்படையாக எதிர்த்தார்.

11/
2005இல் புது எரிசக்திச் சட்டம் வந்தது. டீசல் கலந்தால் தவிர, ஃப்ராக்கிங்குக்கு அந்தக் குடிநீர்ச் சட்டத்திலிருந்து விலக்கு. இதற்கு 'ஹாலிபர்ட்டன் ஓட்டை' என்று பெயரே வந்துவிட்டது. அப்போதைய துணை அதிபர் டிக் செனி, பதவிக்கு வருவதற்கு முன் தலைமை தாங்கிய கம்பெனி ஹாலிபர்ட்டன். 1949இல் முதல் வணிக ஃப்ராக்கிங்கைச் செய்ததும் அதே கம்பெனிதான்.
பாட்டிலின் மூடி இறுகியது இங்கேதான்.

12/
2009, புத்தாண்டு தினம். பென்சில்வேனியாவில் டிமாக் என்ற சின்ன ஊர். ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்து, மேலே மூடியிருந்த கான்கிரீட் பலகை உடைந்து சிதறியது. கிணற்றுக்குள் மீத்தேன் சேர்ந்திருந்தது. அக்கம்பக்க வீடுகளின் தண்ணீரிலும் மீத்தேன். கம்பெனியின் கிணறுகளில் இருந்த குறைபாடுதான் காரணம் என்று மாநில அரசு முடிவு செய்தது. கம்பெனி மறுத்துக்கொண்டே இருந்தது.
2022இல்தான் வழக்கு முடிந்தது. அந்த மக்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர ஏறக்குறைய 1.63 கோடி டாலர் தரக் கம்பெனி ஒத்துக்கொண்டது. 13 வருஷம்! அதுவரைக்கும் வாட்டர் கேன்.

13/
2010இல் 'கேஸ்லேண்ட்' ஆவணப்படம் வந்தது. கொலராடோவில் ஒருவர் சமையலறைக் குழாயைத் திறந்து லைட்டரைக் காட்டுவார், தண்ணீர் பற்றி எரியும். உலகமே பார்த்தது.
ஆனால் அந்தக் குறிப்பிட்ட கிணற்றில் இருந்தது இயற்கையாகவே உருவான மீத்தேன், துளையிடும் தொழிலோடு சம்பந்தமில்லை என்று மாநில அதிகாரிகள் சொன்னார்கள். கம்பெனிகள் இதைப் பிடித்துக்கொண்டன. "பாத்தீங்களா, எல்லாம் புரளி!"
படத்தில் எரிந்த குழாய்க்கு வேறு காரணம் இருக்கலாம். அதனால் டிமாக்கில் வெடித்தது பொய்யாகிவிடாது.

14/
2011இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 68 குடிநீர்க் கிணறுகளைச் சோதித்தார்கள். எரிவாயுக் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தவற்றில் மீத்தேன் அளவு சராசரியாக 17 மடங்கு அதிகம். அதே சமயம், ஃப்ராக்கிங் ரசாயனம் குடிநீரில் கலந்ததற்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. இரண்டையும் நேர்மையாக எழுதினார்கள்.
கம்பெனி தரப்பின் பதில்: "துளை போடுறதுக்கு முன்னாடியே மீத்தேன் இருந்திருக்கலாமே?"
நியாயமான கேள்விதான். ஆனால் துளை போடுவதற்கு முன்பு அந்தத் தண்ணீரைச் சோதித்து வைத்திருக்க வேண்டியது யார்?

15/
இங்கே ஒரு விளக்கம். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் விடும் விரிசல் நேராக மேலே ஏறி வந்து குடிநீரில் கலப்பது அரிது. பெரும்பாலும் பிரச்சினை வரும் வழிகள் வேறு: குழாயைச் சுற்றிப் பூசிய சிமெண்ட் சரியில்லாமல் வாயு கசிவது, மேலே ரசாயனம் கொட்டுவது, திரும்பி வரும் கழிவுநீரைக் குழியில் தேக்குவது. அந்தக் கழிவுநீரில் கடலைவிட அதிக உப்பும், பூமிக்கடியிலிருந்து வரும் ரேடியமும் இருக்கலாம்.
"ஃப்ராக்கிங்கால் தண்ணீர் கெட்டதே இல்லை" என்று சொல்பவர்கள், விரிசல் விடும் அந்தச் சில நாள் வேலையை மட்டும் ஃப்ராக்கிங் என்கிறார்கள். ஊர்க்காரர்கள் லாரி வருவதிலிருந்து கழிவுநீர் போவது வரை எல்லாவற்றையும் சொல்கிறார்கள். ஆபரேஷன் சக்சஸ், அதுக்கப்புறம் வந்த இன்ஃபெக்ஷன் எங்க கணக்குல வராதுன்னு சொல்ற மாதிரி.

16/
இப்போ டாக்டர்கள் கதை. 2012இல் பென்சில்வேனியா ஒரு சட்டம் போட்டது. நோயாளிக்குச் சிகிச்சை தர ரகசிய ரசாயனத்தின் விவரம் வேண்டுமென்றால் டாக்டர் கேட்கலாம், கம்பெனி தரும். ஆனால் வெளியே சொல்ல மாட்டேன் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கணும். நோயாளியிடம் சொல்லலாமா? இன்னொரு டாக்டரிடம் பேசலாமா? ஊரில் பத்து பேருக்கு இதே தொந்தரவு என்றால் எழுதலாமா? தெளிவில்லை.
டாக்டர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. ஒரு தொழிலுக்கு மட்டும் இப்படித் தனிச் சலுகை கொடுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

17/
கம்பெனிகள் தாமாகவே ரசாயனப் பட்டியல் போட 2011இல் ஓர் இணையத் தளம் வந்தது. இபிஏ அதை அலசியது. 70 சதவீதத்துக்கு மேற்பட்ட பதிவுகளில் குறைந்தது ஒரு பொருளாவது 'ரகசியம்' என்று மறைக்கப்பட்டிருந்தது.
2015இல் இபிஏ வரைவறிக்கை, குடிநீருக்குப் பரவலான பாதிப்புக்கு ஆதாரம் இல்லை என்றது. அவர்களுடைய அறிவியல் ஆலோசனைக் குழுவே, இந்த வாக்கியத்துக்குப் போதிய தரவு எங்கே என்று கேட்டது. 2016 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அந்த வாக்கியம் இல்லை. சில சூழல்களில் குடிநீர் பாதிக்கப்படும், எவ்வளவு பரவலாக என்று சொல்லத் தரவு போதாது என்று மாற்றி எழுதினார்கள்.
டெஸ்டே எடுக்காமல் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று எழுதக் கூடாது இல்லையா? அதேதான்.

18/
உடல்நலத்துக்கு ஆதாரம் உண்டா? உண்டு. 2017இல் வந்த ஓர் ஆய்வு, பென்சில்வேனியாவில் 2004 முதல் 2013 வரை நடந்த 11 லட்சம் பிரசவங்களை எடுத்துக்கொண்டது. ஃப்ராக்கிங் நடந்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களுக்கு, இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான எடையில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் அதிகம். மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால் பாதிப்பு தெரியவில்லை. ஆஸ்துமா பற்றியும் இதே திசையில் ஆய்வுகள் வந்திருக்கின்றன.
தண்ணீரா, காற்றா, லாரிப் புகையா, எது காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் தூரம் கூடக் கூடப் பாதிப்பு குறைவது, எங்கள் துறையில் அலட்சியப்படுத்தும் விஷயம் அல்ல.

19/
2014 டிசம்பர் 17. நியூயார்க் மாநிலத்தின் பொறுப்பு சுகாதார ஆணையர் ஹோவர்ட் ஸக்கர், இவரும் டாக்டர்தான், அறிக்கை கொடுத்தார். ஆபத்து முழுமையாக நிரூபணமாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. தனக்குத் தானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: என் குடும்பத்தை அங்கே குடிவைப்பேனா? மாட்டேன் என்றார். நியூயார்க்கில் பெரிய அளவு ஃப்ராக்கிங்குக்குத் தடை வந்தது.
ஃபிரான்ஸ் 2011இலேயே தடை செய்துவிட்டது. இங்கிலாந்தில் 2019 ஆகஸ்ட்டில் ஃப்ராக்கிங் தளம் ஒன்றின் அருகே 2.9 அளவு நில அதிர்வு வந்தது. நவம்பரில் நிறுத்தினார்கள்.

20/
நில அதிர்வில் ஓக்லஹோமா தனிக் கதை. 2008 வரை அங்கே 3 ரிக்டருக்கு மேற்பட்ட அதிர்வு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. 2015இல் மட்டும் 900க்கும் மேல்! முக்கியக் காரணம் விரிசல் விட்டது அல்ல, எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கழிவுநீரைத் திரும்ப ஆழத்தில் செலுத்தியது. கட்டுப்பாடு கொண்டுவந்ததும் எண்ணிக்கை குறைந்தது. அளந்தார்கள், காரணம் தெரிந்தது, சரி செய்ய முடிந்தது.

21/
நம்ம ஊருக்கு வருவோம். 2010இல் மன்னார்குடி பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. இது ஷேல் அல்ல, முறையும் கொஞ்சம் வேறு: முதலில் நிலக்கரிப் படுகையின் நீரை வெளியேற்றணும். தேவைப்பட்டால் விரிசலும் விடுவார்கள். டெல்டா விவசாயிக்கு நிலத்தடி நீர் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. நம்மாழ்வார் ஐயா இந்தத் திட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்துகொண்டிருந்தபோதுதான், 2013 டிசம்பர் 30 அன்று அத்திவெட்டியில் காலமானார். 2015இல் தமிழக அரசு மீத்தேன் திட்டத்துக்குத் தடை விதித்தது. 2017இல் நெடுவாசல். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். ஏற்கெனவே நடந்துவந்த பணிகளை அந்தச் சட்டம் தொடவில்லை.

22/
"அப்போ நீங்க கேஸ் அடுப்பே பத்த வைக்காதீங்க டாக்டர்"னு கமெண்ட் வரும், தெரியும். விறகுப் புகையில் நுரையீரல் கெட்ட அம்மாக்களைப் பார்த்தவன் நான். கேஸ் அடுப்பு வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். 2016 முதல் அமெரிக்க எரிவாயு கப்பலில் இந்தியாவுக்கும் வருகிறது. நமக்கும் இதில் பங்கு உண்டு. அதனால்தான் கேட்கும் கடமையும் உண்டு.

23/
எந்த ஊரில் யார் துளை போட வந்தாலும், ஷேலோ மீத்தேனோ ஹைட்ரோகார்பனோ, மூன்று விஷயம் கேளுங்க.
ஒன்று: வேலை தொடங்குவதற்கு முன்பே ஊர்க் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து, ரிப்போர்ட்டின் ஒரு பிரதியை ஊர்க்காரர்கள் கையில் கொடுத்தீர்களா?
இரண்டு: உள்ளே செலுத்தும் ஒவ்வொரு பொருளின் பெயரும் பக்கத்து அரசு மருத்துவமனை டாக்டருக்குத் தெரியுமா?
மூன்று: திரும்பி வரும் கழிவுநீர் எங்கே போகும்?

24/
டிமாக் மக்களிடம் முதல் கேள்விக்கான ரிப்போர்ட் இருந்திருந்தால் 13 வருடம் வழக்காடியிருக்க வேண்டாம். இரண்டாவதற்குப் பதில் இருந்திருந்தால் கொலராடோ டாக்டர் இருட்டில் தடவியிருக்க மாட்டார்.
பதில் சொல்ல முடியாதவர்களிடம் நாங்கள் எமர்ஜென்சியில் கேட்பதையே நீங்களும் கேளுங்க: "பாட்டில் எங்கே?"

 தெரிந்தவர்களுக்குப் பகிருங்கள்.